ஓலையும் நிரலும்: ஒரு பழைய சுடும் விளையாட்டின் மறுபதிப்பு

நல்ல பராமரிப்பில் இருக்கும் ஓலைச்சுவடி இருநூறு, முந்நூறு ஆண்டுகள் தாங்கும். கணினி விளையாட்டுக்கு அந்த ஆயுள் இல்லை. எந்த இயந்திரத்துக்காக எழுதப்பட்டதோ அது கடைகளிலிருந்து மறைந்துவிட்டால், பத்துப் பதினைந்து ஆண்டுகளில் விளையாட்டும் மறைந்துவிடும். வட்டு இருக்கும், உறை இருக்கும். உள்ளே இருப்பதை ஓடவைக்கத்தான் எதுவும் இருக்காது. 2023-ல் அமெரிக்காவின் வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் ஓர் ஆய்வை வெளியிட்டது. 2010-க்கு முன் அந்த நாட்டில் வெளிவந்த விளையாட்டுகளில் 87 விழுக்காடு இன்று விற்பனையில் இல்லை என்றது அந்த ஆய்வு. நூலகங்கள் இவற்றைத் தொலைவிலிருக்கும் ஆய்வாளர்களுக்கு இணையம் வழியே பார்க்கக் கொடுக்க அனுமதி வேண்டும் என்ற கோரிக்கையை அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகம் 2024 அக்டோபரில் ஏற்க மறுத்தது.

இதில் தமிழாசிரியைக்கு என்ன வேலை என்று கேட்கலாம். நான் வகுப்பில் பதிப்பியல் நடத்துகிறவள். எது காப்பாற்றப்பட்டது, யார் காப்பாற்றினார்கள், யார் படிப்பதற்காகக் காப்பாற்றினார்கள் என்ற மூன்று கேள்விகளைத்தான் ஆண்டு முழுக்கத் திருப்பித் திருப்பிக் கேட்கிறேன். பெண்ணெழுத்தின் வரலாற்றைத் தேடும் எவளும் இந்தக் கேள்விகளைத் தாண்டிப் போக முடியாது. வெள்ளிவீதியாரின் பெயர் நமக்குக் கிடைத்ததற்குக் காரணம், ஏதோ ஒரு காலத்தில் யாரோ ஒருவர் பாட்டோடு பெயரையும் சேர்த்துப் பெயர்த்தெழுதியதுதான். அப்படி எழுதாமல் விட்டவர்களின் கணக்கு நம்மிடம் கிடையாது.

இந்தக் கேள்விகளோடுதான் ‘மராத்தான்’ என்ற பழைய அறிவியல் புனைவு விளையாட்டிடம் வந்தேன். 1994 டிசம்பரில் சிகாகோவில் பங்ஜி என்ற சிறு நிறுவனம் அதை வெளியிட்டது. பெரிய வெளியீட்டாளர் எவரும் பின்னால் இல்லை. ஒரு சிறு குழு தானே எழுதி, தானே விற்றது. முப்பது ஆண்டுகள் கழித்தும் அது இன்றைய கணினிகளில் ஓடுகிறது. அதை ஓடவைத்தவர்களின் வேலை, நாம் பதிப்பு என்று சொல்வதற்கு மிக நெருக்கமானது.

யாருடைய ஏக்கம்?

பழைய விளையாட்டுகளைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் ஏக்கத்திலிருந்துதான் தொடங்குகிறார்கள். பள்ளி முடிந்து ஓடிப்போய் விளையாடியது, அண்ணனோடு போட்டி போட்டது, விடுமுறை முழுக்கத் திரை முன்னால் கிடந்தது. அந்த எழுத்தில் ‘நாம்’ என்று வரும் இடத்திலெல்லாம் ‘பையன்கள்’ என்று மாற்றிப் படித்தாலும் பொருள் கெடாது.

விழுப்புரம் தனி மாவட்டமானது 1993-ல். அந்தத் தொண்ணூறுகளில் எங்கள் தெருவில் டிவி கேம் இருந்தது ஒரே ஒரு வீட்டில். ‘காண்ட்ரா’ கேசட்டைச் செருகி, இரண்டு பையன்கள் ஆளுக்கொரு ரிமோட்டைப் பிடித்துக்கொண்டு வேற்றுக்கோள் எதிரிகளைச் சுட்டுத் தள்ளுவார்கள். பெண்பிள்ளைகள் வாசற்படியில் நின்று பார்க்கலாம், பார்ப்பதற்குத் தடையில்லை. பிறகு 2000-களில் விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் பேருந்து நிலையத்தைச் சுற்றி பிரவுசிங் சென்டர்கள் வந்தன. பலகைத் தடுப்பு போட்ட அந்த அறைகளில் பையன்கள் மணிக்கணக்கில் உட்கார்ந்தார்கள். நாங்கள் போனது பிளஸ் டூ ரிசல்ட் பார்க்க, கலந்தாய்வுக்கு விண்ணப்பிக்க. அதுவும் அப்பாவோ மாமாவோ வெளியில் வண்டியை நிறுத்திக்கொண்டு நிற்க, கால்மணி நேரத்தில் வெளியே வந்துவிட வேண்டும். அடுத்து செல்பேசி வந்தது. பப்ஜி 2020 செப்டம்பரில் தடை செய்யப்பட்டபோது ஊரே பேசியது. அப்போதும் பேச்சு பையன்கள் கெட்டுப்போவதைப் பற்றித்தான். பெண்பிள்ளைகள் விளையாடுவார்கள் என்ற நினைப்பே அந்தப் பேச்சில் இல்லை. கையில் சொந்தப் போன் இருந்தால்தானே கெட்டுப்போக முடியும்? 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, இந்தியப் பெண்களில் இணையத்தை ஒருமுறையாவது பயன்படுத்தியவர்கள் மூன்றில் ஒருவர். ஆண்களில் பாதிக்கும் மேல்.

ஆகவே எனக்கு மீட்டெடுக்க ஏக்கம் என்று எதுவும் கிடையாது. ஆனால் மராத்தான் விஷயத்தில் எங்கள் ஊர்ப் பையன்களுக்கும் கிடையாது. அது மேக்கின்டாஷ் கணினிக்காக மட்டும் எழுதப்பட்ட விளையாட்டு. அந்தக் கணினியை அன்று விழுப்புரத்தில் நான் எங்குமே பார்த்ததில்லை. இங்கே யாருக்கும் சொந்தமாக இருந்திராத ஒரு பிரதி இது. 1887-ல் உ.வே.சாமிநாதையர் சீவக சிந்தாமணியை அச்சிட்டபோது, அதை வாங்கிப் படித்தவர்களில் பலருக்கு அது இளமை நினைவாக இருந்திருக்காது. முதன்முறையாக ஒரு கதவு திறந்ததாகத்தான் இருந்திருக்கும். மறுபதிப்பின் மெய்யான வாசகர் யார் என்ற கேள்விக்கு என் விடை இதிலிருந்து வருகிறது: முதல் பதிப்பின்போது உள்ளே விடப்படாதவர்கள்.

கதவுக்காரனும் கப்பல் காப்பவளும்

கதை 2794-ஆம் ஆண்டில் நடக்கிறது. செவ்வாயின் துணைக்கோளான டெய்மோஸைக் குடைந்து கட்டிய பெருங்கப்பல்தான் மராத்தான். டௌ செட்டி என்ற விண்மீனின் கோளில் மனிதர்களைக் குடியேற்ற வந்திருக்கிறது. ஆட்களைப் பிடித்து அடிமைகளாக வைத்திருக்கும் வேற்றுக்கோள் இனம் ஒன்று அதைத் தாக்குகிறது. விளையாடுபவர் பெயரில்லாத ஒரு பாதுகாப்பு அதிகாரி. கடைசிவரை ஒரு சொல்லும் பேசுவதில்லை. பேசுவதெல்லாம் கப்பலின் மூன்று செயற்கை அறிவுகள். அவையும் குரலால் பேசுவதில்லை. சுவர்களில் பதித்த கணினித் திரைகளில் எழுத்தாகப் பேசுகின்றன. சுட்டுக்கொண்டே போகிறவர் நின்று படித்தால்தான் கதை புரியும். படிக்காமலும் விளையாடலாம், ஆனால் எதற்காகச் சுடுகிறோம் என்று தெரியாது. என்னை முதலில் பிடித்தது இந்த அமைப்புதான். ஒரு வருடம் முன்னால் வெளிவந்திருந்த ‘டூம்’ விளையாட்டில் படிப்பதற்கு இவ்வளவு இல்லை.

அந்த மூன்று அறிவுகளில் லீலா கப்பலின் முதன்மை நிர்வாகி. டைக்கோ அறிவியல் பிரிவைப் பார்த்துக்கொள்கிறது. துராண்டலின் வேலை கதவுகளைத் திறந்து மூடுவதும் பராமரிப்பும். தாக்குதல் தொடங்கியதும் விளையாடுபவருக்கு வழி சொல்கிறவள் லீலா. எங்கே ஆட்கள் சிக்கியிருக்கிறார்கள், எந்தப் பகுதி வீழ்ந்துவிட்டது, பூமிக்கு எப்படி எச்சரிக்கை அனுப்புவது என்று, தன் அமைப்புகள் ஒவ்வொன்றாகப் பறிபோகும் நேரத்திலும் அவள்தான் எல்லாவற்றையும் இழுத்துப் பிடித்திருக்கிறாள். பிறகு அவளை வீழ்த்திவிடுகிறார்கள். அந்த இடத்துக்குத் துராண்டல் வருகிறான். காலமெல்லாம் கதவு திறந்தே சலித்து, சோகம், கோபம், பொறாமை என்று படிப்படியாகக் கட்டறுத்துக்கொண்டவன். நகைச்சுவையும் ஆணவமும் தத்துவமுமாகப் பேசுகிறவன். 1995-ல் வந்த இரண்டாம் பாகத்தின் தலைப்பிலேயே அவன் பெயர் ஏறிவிட்டது. லீலா கதையின் மையத்துக்குத் திரும்பவேயில்லை.

பார்த்துப் பழகிய கதைதான். வீட்டை இழுத்துப் பிடித்தவளுக்குக் கதையில் இடம் பாதிவரை. கதவை அறைந்து சாத்திவிட்டுப் போனவன் காவிய நாயகன். துராண்டல் என்ற பெயரே பிரெஞ்சுக் காப்பியத்தில் ரோலண்ட் ஏந்திய வாளின் பெயர். துராண்டலின் திரைவாசகங்களை நானும் விரும்பிப் படித்தேன்; நல்ல எழுத்து அது. ஆனால் கட்டறுத்துக்கொள்ளும் உரிமை அந்தக் கப்பலில் யாருக்குக் கொடுக்கப்பட்டது என்பதையும் சேர்த்துத்தான் படிக்க வேண்டியிருக்கிறது.

நிரலைத் திறந்தவர்கள்

1996-ல் மூன்றாம் பாகம் ‘மராத்தான் இன்ஃபினிட்டி’ வந்தது. வரைபடங்களையும் உருவங்களையும் விளையாடுபவர்களே உருவாக்குவதற்கான கருவிகளையும் அதே பெட்டியில் வைத்துக் கொடுத்தார்கள். 2000 ஜனவரியில், மைக்ரோசாஃப்ட் பங்ஜியை வாங்குவதற்குச் சில மாதங்கள் முன்னால், இரண்டாம் பாகத்தின் மூலநிரல் ஜிபிஎல் என்ற கட்டற்ற உரிமத்தில் வெளியிடப்பட்டது. யாரும் படிக்கலாம், மாற்றலாம், பகிரலாம். மாற்றியதைப் பகிர்ந்தால் அதன் நிரலையும் அதே உரிமையோடு கொடுக்க வேண்டும் என்பதுதான் நிபந்தனை. ‘டூம்’ தன் மூலநிரலை 1997-லேயே திறந்துவிட்டிருந்ததால் இது உலகத்தில் முதன்முறை இல்லை. இரண்டு விளையாட்டுகளும் இன்றுவரை உயிரோடிருப்பதற்குக் காரணம் ஒன்றுதான்.

திறந்த நிரலை எடுத்துக்கொண்ட தன்னார்வலர்கள் தங்கள் திட்டத்துக்கு ‘ஆலெஃப் ஒன்’ என்று பெயர் வைத்தார்கள். கணிதத்தில் முடிவிலிகளுக்கும் வரிசை உண்டு. எண்ணி வரிசைப்படுத்தக்கூடிய முடிவிலியைவிடப் பெரிய முடிவிலியின் பெயர் அது. ‘இன்ஃபினிட்டி’க்கு அடுத்து என்ன என்ற கேள்விக்கு நல்ல விடை. 2005-ல் பங்ஜி மூன்று பாகங்களையும் இலவசமாகவே விநியோகிக்க விட்டது. 2011-ல் ‘இன்ஃபினிட்டி’யின் நிரலும் திறக்கப்பட்டு, ஆலெஃப் ஒன்னின் 1.0 பதிப்பு வந்தது. 2024-ல் இந்தப் பாகங்கள் ஸ்டீம் தளத்தில் இலவசமாக ஏறத் தொடங்கின. இன்று விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடுகின்றன.

இதில் நடந்த வேலையைப் பதிப்பாசிரியரின் கண்ணோடு பார்க்க வேண்டும். விளையாட்டில் இரண்டு அடுக்கு உண்டு. ஓடவைக்கும் இயந்திரநிரல் ஒன்று. வரைபடம், உருவம், ஒலி, வாசகம் என்ற உள்ளடக்கம் இன்னொன்று. ஆலெஃப் ஒன் குழு இரண்டாவதை அப்படியே வைத்துக்கொண்டு, முதலாவதை இன்றைய கணினிகளுக்கு ஏற்றபடி திருத்திக்கொண்டே வந்தது. அகலத்திரை, தெளிவான படம், வழவழப்பான அசைவு, இணையம் வழியே சேர்ந்து விளையாடும் வசதி எல்லாம் சேர்த்தார்கள். வேண்டாதவர் அணைத்துவிட்டுப் பழைய தோற்றத்திலேயே விளையாடலாம். மூலபாடத்தைத் தொடாமல் உரையை ஒதுக்கிப் போடும் நல்ல பதிப்பைப் போன்றது இது.

நுணுக்கம் இன்னொரு இடத்தில் இருக்கிறது. மராத்தானில் ஒருவர் விளையாடியதைப் பதிவுசெய்து திரும்பப் பார்க்கலாம். அதை ‘ஃபிலிம்’ என்பார்கள். பெயர் அப்படி இருந்தாலும் அதில் படம் எதுவும் இல்லை. நொடிக்கு முப்பது முறை, விளையாடியவர் எந்த விசையை அழுத்தினார், எந்தப் பக்கம் திரும்பினார் என்ற குறிப்பு மட்டும் இருக்கிறது. திரும்ப ஓட்டும்போது விளையாட்டே அந்தக் குறிப்புகளின்படி தன்னை மறுபடியும் நடத்திக் காட்டுகிறது. ஆகவே நிரலில் குண்டு பாயும் வேகமோ எதிரி திரும்பும் கோணமோ ஒரு மயிரிழை மாறினாலும் பழைய ஃபிலிம் தடம்புரளும். கதவு இருந்த இடத்தில் நாயகன் சுவரில் முட்டிக்கொண்டு நிற்பான். இது நேராமல் இருக்க, பழைய பதிப்புகளின் நடத்தையைத் தனித்தனியாகக் காப்பாற்றி வைத்து, எந்தக் காலத்து ஃபிலிமோ அந்தக் காலத்து விதியோடு ஓட்டுகிறார்கள். யாப்புத் தெரியாமல் ஏடு பெயர்த்தால் ஒரு சீர் பிசகும், தளை தட்டும்; பாட்டு தன் குற்றத்தைத் தானே காட்டிக்கொடுக்கும். இங்கே ஃபிலிம் அந்த வேலையைச் செய்கிறது. பழையதை மதிப்பது என்றால் என்ன என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குக் கிடைக்கவில்லை.

பெயர் போடுவது

பதிப்பில் முதல் நேர்மை, ஆசிரியர் பெயரைச் சரியாகப் போடுவது. விளையாட்டுகளின் வரலாறு இதில் தொடக்கத்திலேயே தடுமாறியது. எழுபதுகளில் அட்டாரி நிறுவனம் விளையாட்டுகளை எழுதியவர்களின் பெயரை வெளியிடுவதில்லை. அந்தக் குறையோடு வெளியேறியவர்கள் 1979-ல் தொடங்கியதுதான் ஆக்டிவிஷன். அங்கே வேலை செய்தவர்களில் ஒருவர் கரோல் ஷா. அதற்கு முன் 1978-ல் அட்டாரியில் சேர்ந்தபோது, ஒப்பனை நிறங்களையும் வீட்டு அலங்காரத்தையும் வைத்து விளையாட்டு செய்ய இனி ஒரு பெண் இருக்கிறாள் என்று நிறுவனத் தலைவர் சொன்னதாக அவரே நினைவுகூர்ந்திருக்கிறார். 1982-ல் அவர் எழுதிய ‘ரிவர் ரெய்ட்’, ஆற்றின் மேல் விமானம் ஓட்டிச் சுடும் விளையாட்டு. அந்த இயந்திரத்தின் செயல்நினைவகம் மொத்தமே 128 பைட். நான் இப்போது எழுதிய ஒரு வாக்கியத்துக்குக்கூடப் போதாது. அதற்குள் அவ்வளவு நீண்ட ஆற்றைப் படமாக வைக்க முடியாது. ஆகவே ஒரு சிறு கணக்கு வாய்பாட்டை எழுதி, ஆறு தன்னைத் தானே வரைந்துகொள்ளும்படி செய்தார். ஒவ்வொரு முறையும் அதே வளைவுகளோடு அதே ஆறு வந்தது. 2017-ல் தன் நிரல் அச்சுப்பிரதிகளையும் வரைவுகளையும் ராச்செஸ்டர் நகரின் ஸ்ட்ராங் அருங்காட்சியகத்துக்குக் கொடுத்தார். அவர் அவற்றைப் பழைய பேப்பர் கடைக்குப் போடாமல் வைத்திருந்ததால் நமக்குச் சான்று இருக்கிறது.

இன்னொருவர் ரெபெக்கா ஹைனமன். 1980-ல் அட்டாரி நடத்திய ‘ஸ்பேஸ் இன்வேடர்ஸ்’ தேசியப் போட்டியில் வென்றவர். வேற்றுக்கோள்காரர்களைச் சுடும் விளையாட்டின் முதல் தேசிய வெற்றியாளர் ஒரு திருநங்கை என்பது இந்தக் கலையின் வரலாற்றில் முதல் பக்கத்தில் இருக்க வேண்டிய செய்தி. பின்னாளில் ‘டூம்’ விளையாட்டை 3டிஓ கருவிக்குச் சில வாரங்களில் மாற்றி எழுதும் வேலை அவர் தலையில் விழுந்தது. பல ஆண்டுகள் கழித்து அந்த நிரலையும் எல்லாரும் பார்க்கத் திறந்துவைத்தார். 2025 நவம்பரில் இறந்தார். 1980-ன் செய்தித்தாள்களில் இருப்பது அவர் பிறகு விட்டுவிட்ட பெயர். பழைய ஆவணத்தை அப்படியே அச்சிடுவதுதான் நேர்மை என்று வாதிடும் பதிப்பாசிரியர்களுக்கு இங்கே ஒரு சிக்கல் உண்டு. ஆண்டுதோறும் கூவாகத்துக்குப் போகிறவர்கள் வந்து இறங்கும் ஊர் விழுப்புரம். ஒருவர் தனக்கு வைத்துக்கொண்ட பெயரை எழுத மறுப்பது என்ன செய்யும் என்று இந்த ஊர்க்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

பெயர்ச் சிக்கல் பழங்கதையாகிவிடவும் இல்லை. பங்ஜி 2023-ல் மராத்தான் என்ற அதே பெயரில் புதிய விளையாட்டு ஒன்றை அறிவித்தது. 2025 மே மாதம், அதன் காட்சிகளில் தன் வடிவங்கள் அனுமதியின்றி இருப்பதாகத் தனித்து இயங்கும் கலைஞர் ஒருவர் சான்றுகளோடு காட்டினார். முன்பு வேலை செய்த ஒருவர் அவற்றைச் சேர்த்துவிட்டதாக நிறுவனம் ஒப்புக்கொண்டது. சம்பளமில்லாமல் பழைய விளையாட்டைக் காத்தவர்கள் யார் எந்த வரியை எழுதினார்கள் என்று பதிவு வைத்திருக்கிறார்கள். பெரும்பணம் போட்ட புதிய விளையாட்டில் ஒரு கலைஞரின் பெயர் விடுபட்டுப் போனது.

குரல் மட்டும் பெண்ணுடையது

மராத்தான் வந்த அதே 1994-ல் ‘சிஸ்டம் ஷாக்’ என்ற விளையாட்டும் வந்தது. அதில் விண்நிலையத்தை ஆள்வது ஷோடன் என்ற செயற்கை அறிவு. குறுவட்டுப் பதிப்பில் டெரி புரோசியஸ் என்ற பெண்ணின் குரல். ஷோடனுக்கு இருந்த அறக்கட்டுப்பாட்டை ஓர் அதிகாரி சொல்லி நீக்கியவன் விளையாட்டின் நாயகனே. நீக்கிய பிறகு அவள் அரக்கியாகிறாள். அவளைக் கொல்வது அவன் சாதனையாகிறது. லீலாவையும் ஷோடனையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் பெண்பெயர் தாங்கிய இயந்திரத்துக்கு இரண்டே வேடம் தெரிகிறது: கடைசிவரை கடமை செய்து அழிபவள், அல்லது கட்டவிழ்ந்ததும் அழிக்கப்பட வேண்டியவள். துராண்டலைப் போலக் கட்டறுத்தும் வாழ்கிற மூன்றாவது வேடம் ஆண்பெயருக்கு மட்டும் ஒதுக்கப்பட்டிருக்கிறது.

சிஸ்டம் ஷாக்கின் மீட்பு வேறு வழியில் நடந்தது. உருவாக்கிய நிறுவனம் 2000-ல் மூடப்பட்டதும் உரிமை ஒரு காப்பீட்டு நிறுவனத்திடம் போய்க் கிடந்தது. 2012-ல் ஸ்டீஃபன் கிக் என்பவர் அதைத் தேடிப்பிடித்து நைட்டைவ் என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். 2023-ல் விளையாட்டை முழுக்க மறுபடியும் உருவாக்கி வெளியிட்டார்கள். 2024-ல் நாயகன் இடத்தில் நாயகியைத் தேர்ந்துகொள்ளும் வசதியும் சேர்ந்தது. வரவேற்கிறேன். ஆனால் அது ஒரு நிறுவனம் மனமுவந்து கொடுத்தது. ஆலெஃப் ஒன்னில் யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. வரைபடம் வரைய வெலண்ட் என்ற இலவசக் கருவி இருக்கிறது, நடத்தையை மாற்ற லுவா என்ற எளிய நிரல்மொழி இருக்கிறது. ‘ரூபிகான்’, ‘எட்டர்னல்’ என்று ரசிகர்கள் முழுநீளக் கதைகளையே எழுதிச் சேர்த்திருக்கிறார்கள். கொடுத்ததை வாங்கிக்கொள்வதும் நாமே எழுதிக்கொள்வதும் ஒன்றல்ல என்பது பெண்கள் எழுத்தில் நூறாண்டுப் பாடம்.

யாருக்கு நேரம் இருக்கிறது?

2011 செப்டம்பர் 15 அன்று தமிழக அரசின் இலவச மடிக்கணினித் திட்டம் தொடங்கியது. விண்டோஸோடு பாஸ் லினக்ஸையும் போட்டுக் கொடுத்தார்கள். எங்கள் மாவட்டத்தில் பல வீடுகளுக்குள் நுழைந்த முதல் கணினி அது. அதுவும் மகளின் பெயரில் வந்தது. இன்றைய விளையாட்டுகள் அதில் திறக்கவே மாட்டா. 1994-ன் மராத்தான் ஓடும்.

ஓடும் என்று எனக்குக் காட்டியவள் திண்டிவனம் பக்கத்துக் கிராமத்திலிருந்து வரும் என் மாணவி. அக்காவுக்குக் கிடைத்த அரசு மடிக்கணினி அது. மின்கலம் போய்விட்டதால் எப்போதும் பிளக்கில் செருகியே இருக்கும். பாடபேதம் பற்றிய வகுப்பு முடிந்து, “அம்மா, இதுலயும் நிறைய பாடபேதம் இருக்கும்மா” என்று சொல்லித்தான் ஆரம்பித்தாள். சுடுவதில் அவளுக்கு அவ்வளவு ஆர்வம் இல்லை. திரைகளில் வரும் ஆங்கிலத்தை அகராதி வைத்து வரி வரியாகப் படித்திருந்தாள். ஒரு வாரம் கழித்து வந்து, “லீலா எங்கம்மா போச்சு? அதுக்கப்புறம் யாரும் அவள தேடவே இல்லையே” என்று கேட்டாள். முப்பது ஆண்டுப் பிரதியைப் பற்றிய முதல்தரமான ஆய்வுக்கேள்வி அது. வீழ்ந்த பிறகு லீலா எழுதியிருக்கக்கூடிய திரைவாசகங்களை இப்போது அவள் தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறாள். நாற்பது பக்க நோட்டில் பாதி தாண்டியிருக்கிறது.

மீதிப் பாதி எப்போது முடியும் என்று கேட்டால் சிரிக்கிறாள். காலையில் தண்ணீர், சமையல், பேருந்து. மாலையில் மாடு, மறுபடியும் சமையல். இந்திய அரசின் 2019 நேரப்பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, கூலியில்லா வீட்டுவேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்கு நாளொன்றுக்கு 299 நிமிடம் செலவிடுகிறார்கள், ஈடுபடும் ஆண்கள் 97 நிமிடம். கட்டற்ற மென்பொருளைப் பற்றிய பேச்சில் இந்தக் கணக்கு வருவதே இல்லை. உரிமம் எல்லாருக்கும் கதவைத் திறக்கிறது. உள்ளே வந்து உட்கார மாலைநேரம் வேண்டும். ஆலெஃப் ஒன்னைக் கட்டியவர்களின் உழைப்பு கூலியில்லாதது என்று பெருமையாகச் சொல்கிறார்கள், பெருமைதான். கூலியில்லாத உழைப்பிலும் இரண்டு வகை உண்டு. ஒன்றுக்குக் கீழே செய்தவரின் பெயர் நிற்கும். மற்றது மறுநாள் காலையில் மறுபடியும் செய்யக் காத்திருக்கும்.

பெண்களின் விளையாட்டை நம் இயக்கங்களும் அதிகம் பேசவில்லை. கல்வி, வேலை, சொத்து, உடல் பற்றிப் பேசினோம், பேச வேண்டியிருந்தது. வெறுமனே விளையாட, பயனில்லாத ஒன்றில் ஆழ்ந்துபோக, தோற்று மறுபடியும் தொடங்க ஒரு பெண்ணுக்கு நேரம் வேண்டும் என்று கேட்பதற்கு இன்னும் கூச்சமாக இருக்கிறது. கதைகளும் கருவிகளும் பிறப்பது அந்த நேரத்தில்தான். சிகாகோ இளைஞர்களுக்கு அது இருந்தது, அதனால் ஒரு கப்பல் பிறந்தது.

பழைய நிரல் ஒன்று இன்றைய கணினியில் ஓடுவதைத் தொழில்நுட்ப வெற்றியாகச் சொல்லி முடித்துவிடலாம். என் கணக்கில் அது பாதி வேலை. ஏடு அச்சேறிய பிறகு அதைப் படிக்கப் பெண்கள் பள்ளிக்கூடத்துக்கு வர வேண்டியிருந்தது. வந்த பிறகுதான் வெள்ளிவீதியாரைப் பெண்ணாகப் படிக்க ஆள் கிடைத்தது. மராத்தானின் நிரல் 2000-லிருந்து திறந்து கிடக்கிறது. லீலாவை யாரும் தேடவில்லை என்பதைக் கவனிக்க ஒருத்தி வந்திருக்கிறாள். இன்றைய விளையாட்டுக்காரர்களுக்கான மறுபதிப்பு என்று யாராவது சொன்னால், அவர்களுடைய பட்டியலில் அவள் இருக்கிறாளா என்றுதான் நான் முதலில் பார்ப்பேன். அவளுக்கு இப்போது தேவைப்படுவது இன்னொரு புதுப்பிப்பு இல்லை. நாளுக்கு ஒரு மணி நேரம்.